மூக்கு மேல கோபம் வர்ற ஸ்டார் பிளேயரை நம்பி டீம் கட்டலாமா? (கசின்ஸ் பஞ்சாயத்து)

மூணாவது குவாட்டர்:

நேத்து ராத்திரி தூக்கம் வரல, சரின்னு என்பிஏ-ல (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) ஆடுற சாக்ரமெண்டோ கிங்ஸோட பழைய மேட்ச் ஒண்ணு போட்டுப் பாத்தேன், 2014-15 சீசன், ஹைலைட்ஸ் இல்ல, முழு மேட்சும். டிமார்கஸ் கசின்ஸுக்காகத்தான் பாத்தேன். ஹைலைட்ஸ்ல பாக்குற கசின்ஸ் வேற, முழு மேட்ச்ல பாக்குற கசின்ஸ் வேற போலயே. கிட்டத்தட்ட 7 அடி உயரம், 120 கிலோவுக்கு மேல வெயிட்டு, அந்த உடம்ப வச்சுக்கிட்டு ரீபவுண்ட் (ரிங்குல பட்டு வர்ற பால்) எடுத்து தானே டிரிப்ளிங் பண்ணி அந்தக் கோடி வரைக்கும் போயி ஒரு ஸ்பின் அடிச்சு லேஅப் போடுறான், வாயப் பொளந்துட்டுப் பாத்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு அதே ஆளு உள்ள போறப்போ கையில தட்டிட்டாங்க, விசில் வரல, முடிஞ்சுது கதை. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு ரெஃப்ரிகிட்ட நியாயம் கேக்க நின்னுட்டான். இவன் நின்னா பால் நிக்குமா? அந்தப் பக்கம் அஞ்சு பேரு ஓட, இந்தப் பக்கம் நாலு பேரு துரத்த, நோகாம ஒரு பாஸ்கெட் குடுத்தாச்சு.

இதை வச்சு எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் சண்டை. அவன் சொல்றான் இந்த மாதிரி ஆளு எவ்ளோ பெரிய டேலண்டா இருந்தாலும் டீமுக்கு தலைமை தாங்க முடியாது, ரெண்டாவது மூணாவது ஆளா வேணா வச்சுக்கலாம்னு. நான் சொல்றேன், அந்த சீசன் சராசரியா 24.1 பாயிண்ட், 12.7 ரீபவுண்டு எடுத்தவனை குறை சொல்றதுக்கு முன்னாடி அவனுக்கு என்ன மாதிரி டீம் குடுத்தாங்கன்னு பாருன்னு. அங்க ஏழு சீசன்ல ஒரு தடவை கூட பிளேஆஃப் (சீசன் முடிஞ்சு நடக்குற நாக்அவுட் சுற்று) போகல, அதிகபட்சமே 2015-16ல 33 வெற்றிதான், அது உண்மை. ஆனா அதே ஏழு சீசன்ல ஆறு கோச்சு! இதுல யார் பக்கம் நியாயம்? கசின்ஸ் மட்டும்னு இல்ல, பொதுவாவே கோபக்கார ஸ்டாரை முன்னாடி நிறுத்தி ஜெயிச்ச டீம் இருக்கா, தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.


ஆறாவது ஆள்:

உன் பக்கம்தான் நியாயம் ப்ரோ, இதுல டவுட்டே வேணாம். நீ பாத்த அந்த 2014-15 சீசனையே எடுத்துக்கோ. மைக்கேல் மலோன் கோச்சு. மலோன் கசின்ஸை திட்டுவாரு, கசின்ஸும் திருப்பிக் கத்துவான், அப்புறம் ரெண்டு பேரும் போய் வேலையப் பாப்பாங்க, அப்படி ஒரு புரிதல். சீசன் ஆரம்பத்துல 9 வெற்றி 6 தோல்வி, கிங்ஸ் ரசிகன் அப்படி ஒரு நம்பரைப் பாத்தே பல வருஷம் ஆகியிருந்துச்சு. அந்த நேரம் பாத்து கசின்ஸுக்கு வைரல் மெனிஞ்சைட்டிஸ் வந்து படுத்துட்டான். அவன் இல்லாத 9 மேட்ச்ல 7 தோல்வி. உடனே என்ன பண்ணாங்க தெரியுமா, கோச்சைத் தூக்கிட்டாங்க. ஸ்டார் பிளேயர் நோயில கிடக்கான், அவன் நம்புற ஒரே கோச்சுக்கு வேலை போச்சு, இதுக்கப்புறம் அவன் சிரிச்சுக்கிட்டு வந்து ஆடணுமாம்.

அந்த மலோன் அப்புறம் டென்வர் போயி 2023ல சாம்பியன்ஷிப்பே ஜெயிச்சிட்டாரு. அப்போ யாரு மேல தப்பு?

இன்னொண்ணு. கிங்ஸ் 2006க்கு அப்புறம் 2023லதான் மறுபடி பிளேஆஃப் பாத்துச்சு. நடுவுல 16 சீசன். அதுல கசின்ஸ் வர்றதுக்கு முன்னாடி 4, அவன் இருந்தப்போ 7, அவன் போனப்புறம் 5. கோபக்காரன் போயிட்டா டீம் உருப்படும்னா அந்த 5 வருஷம் என்னதான் நடந்துச்சு? நடுவுல 2013ல டீமையே சியாட்டிலுக்குத் தூக்கிட்டுப் போகப் பாத்தாங்க, ஓனர் மாறுனாரு, மேனேஜர் மாறுனாரு. 19 வயசுல டிராஃப்ட்ல (புது பசங்களை டீமுங்க தேர்ந்தெடுக்குற முறை) வந்த பையன் இதெல்லாத்துக்கும் நடுவுலதான் வளந்தான். வீடு தீப்பிடிச்சு எரியுறப்போ உள்ள இருக்கிறவன் கத்துறான்னு குறை சொல்றீங்க.


பெஞ்சுல இருந்தவன்:

நான் பெரிய பிளேயரெல்லாம் இல்ல, காலேஜ் டீம்ல மூணு வருஷம், பேருக்கேத்த மாதிரி பாதி நேரம் பெஞ்சு. ஆனா இந்தக் கேள்விக்கு டிவில பாக்குறவங்களை விட என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் பதில் தெரியும்னு நினைக்கிறேன், ஏன்னா கோபக்கார ஸ்டாரோட பாஸை பிடிச்சவன் நானு.

எங்க டீம்ல ஒரு சீனியர் இருந்தாரு, பாயிண்ட் கார்டு. அந்த வயசுல அவ்ளோ நல்ல கை யாருக்கும் நான் பாத்ததில்ல. எதிர் டீம்கிட்ட மொறைப்பாரு, ரெஃப்ரிகிட்ட எகிறுவாரு, அதெல்லாம் எங்களுக்கு ஜாலியாத்தான் இருக்கும், சண்டைக்கோழி நம்ம பக்கம்னு ஒரு தெம்பு. ஆனா நாங்க யாராவது ஒரு பாஸை விட்டுட்டா ஒரு வார்த்தை பேச மாட்டாரு. இடுப்புல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு அண்ணாந்து கூரையைப் பாப்பாரு. அவ்ளோதான். கூரையில என்ன இருந்துச்சோ.

ஒரு மேட்ச், கடைசி ரெண்டு நிமிஷம், நாலு பாயிண்ட் பின்னாடி இருக்கோம். நான் கார்னர்ல நிக்கிறேன், என்னைக் காக்க ஆளே இல்ல. அவரை ரெண்டு பேரு மறிச்சுட்டாங்க, அந்த இடுக்குல இருந்து எப்படித்தான் பாத்தாரோ, பால் நேரா என் நெஞ்சுக்கு வருது. பிராக்டிஸ்ல பத்துக்கு ஆறு போடுற இடம் அது. பால் கையில வந்ததும் நான் ரிங்கைப் பாக்கணும்ல? நான் அவர் மூஞ்சியைப் பாத்தேன். அந்த அரை செகண்டுல ஆளு ஓடி வந்து மறைச்சுட்டான், நான் பாலைத் திரும்ப அவர்கிட்டயே குடுத்துட்டேன். தோத்துட்டோம். ஸ்கோர் ஷீட்டுல என் பேருக்கு நேரா ஒரு தப்பும் இல்ல.

அதனால கோபம் இருக்கா இல்லையாங்கறதை விட அது எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாக்கணும்னு எனக்குப் படுது. ரெஃப்ரிகிட்ட கத்தி டெக்னிக்கல் ஃபவுல் வாங்குனா எதிராளிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ போகும், அதைத் தாங்கிக்கலாம். கூட ஆடுறவன் ஷாட் போடவே பயந்தா அதுக்கு என்ன கணக்கு?

மைக்கேல் ஜோர்டன் 1995 டிரெய்னிங் கேம்ப்ல கூட ஆடுன ஸ்டீவ் கெர்ரை முகத்துலயே குத்துனாரு. கெர்ரும் சும்மா வாங்கிக்கல, திருப்பி நின்னாரு, அதுக்கப்புறம்தான் ரெண்டு பேருக்கும் ஒத்துப் போச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. 1997 ஃபைனல்ஸ் ஆறாவது மேட்ச்ல கடைசி நேரத்துல ஜோர்டன் பாஸை குடுத்தது அந்தக் கெர்ருக்குத்தான், கெர்ரு அவர் மூஞ்சியைப் பாக்கல, போட்டுட்டாரு. எனக்கு அந்த தைரியம் இல்லாமப் போச்சு. குத்து வாங்கியிருந்தா வந்திருக்குமோ என்னவோ.


கண்ணாடி போர்டு:

பெஞ்சு அண்ணே, படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்.

ஆறாவது ஆளு, உனக்கு ஒரு கேள்வி. ஆறு கோச்சு ஆறு கோச்சுன்னு சொல்றியே, அந்த ஆறு பேரும் யாருன்னு ஒரு தடவை பாத்தியா? முதல் கோச்சு பால் வெஸ்ட்ஃபால். 2012 புத்தாண்டு அன்னைக்கு கசின்ஸை மேட்சுக்கு வராதே வீட்டுக்குப் போன்னு அனுப்புனாரு, நாலு நாள்ல அவரையே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆனா அதே வெஸ்ட்ஃபால்தான் 1993ல சார்ல்ஸ் பார்க்லியை வச்சுக்கிட்டு ஃபீனிக்ஸ் சன்ஸை ஃபைனல்ஸுக்குக் கொண்டு போனவரு, அதுவும் என்பிஏ ஹெட் கோச்சா அவருக்கு முதல் வருஷம். பார்க்லி என்ன சாதுவா? 1991ல அசிங்கமா திட்டுன ரசிகனைப் பாத்துத் துப்பப் போயி அது ஒரு சின்னப் பொண்ணு மேல பட்டு பெரிய ரகளை ஆச்சு.

அடுத்து ஜார்ஜ் கார்ல். கசின்ஸ் அவரோட எப்படி இருந்தான்னு தெரியும்ல, 2015ல ட்விட்டர்ல புல்லுக்கு நடுவுல பாம்பு எமோஜி போட்டான் (கூட இருந்தே குழி பறிக்கிறவன்னு அர்த்தம்), யாரைச் சொல்றான்னு ஊருக்கே புரிஞ்சுது. அந்த கார்ல் 1996ல கேரி பேட்டனை வச்சு சியாட்டிலை 64 வெற்றி எடுக்க வச்சு ஃபைனல்ஸ் கூட்டிட்டுப் போனவரு. பேட்டன் வாயை மூடி யாராவது பாத்திருக்கீங்களா?

மூணாவது உங்க ஹீரோ மலோன்.

ஆக ஆறுல மூணு பேரு வேற இடத்துல ஃபைனல்ஸ் வரைக்கும் போனவங்க, அதுல ரெண்டு பேரு கோபக்கார ஸ்டாரை வச்சே போனவங்க. அப்போ கோச்சுக்கு கையாளத் தெரியலன்னு சொல்ல முடியாது. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு.


ஆறாவது ஆள்:

நல்ல பாயிண்டுதான், ஒத்துக்கறேன், ஆனா வயசை மறந்துட்ட. வெஸ்ட்ஃபால் கையில பார்க்லி வந்தப்போ அவருக்கு 29, சீசன் நடுவுல 30 ஆச்சு. ஃபிலடெல்ஃபியால எட்டு வருஷம் அடிபட்டு மிதிபட்டு வந்த ஆளு. கூட கெவின் ஜான்சன் இருந்தாரு, பாஸ்டன்ல ரெண்டு சாம்பியன் மோதிரம் வாங்கிட்டு வந்த டேனி ஐஞ்ச் இருந்தாரு. கசின்ஸ் வெஸ்ட்ஃபால் கையில வந்தப்போ இன்னும் 20 கூட ஆகல, பக்கத்துல தட்டிக் குடுக்க ஒரு பெரிய மனுஷன் கிடையாது. அந்த 20 வயசுப் பையனையும் 30 வயசு பார்க்லியையும் ஒரே தராசுல வைக்காத.

அதோட அமெரிக்க டீமுக்கு ஆடுனப்போ 2014 உலகக் கோப்பைலயும் தங்கம், 2016 ஒலிம்பிக்லயும் தங்கம். அங்க ஏன் அவனால டீம் சிதறல?


கண்ணாடி போர்டு:

ஏன்னா அங்க அவன் தலைவன் இல்ல. ரூம்மேட் சொன்னதும் அதேதானே.


மூணாவது குவாட்டர்:

ஆஹா, ரூம்மேட் இதைப் படிச்சா இன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் இல்ல.

சரி ஐவர்சனை என்ன சொல்லுவீங்க? அவர் கோச்சோட சண்டை போடாத நாளே இல்லன்னு சொல்வாங்க, ஆனா 2001ல அவரோட ஃபிலடெல்ஃபியா டீம் ஃபைனல்ஸ் போச்சே, அங்க அவர்தானே எல்லாம்?


இடதுகை லேஅப்:

ஐவர்சன் பேரை இழுத்துட்டீங்க, இனி நான் நிறுத்த மாட்டேன், மன்னிச்சிருங்க.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, 2000 கோடையில ஐவர்சனை டெட்ராய்ட்டுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்கன்னே சொல்லலாம், பேசி முடிச்சாச்சு. பிராக்டிஸுக்கு லேட்டு, கோச் லாரி பிரவுனுக்கும் இவருக்கும் ஆகவே ஆகல. அந்த ட்ரேட்ல கூடப் போக வேண்டிய மேட் கைகர்ங்கிற சென்டர், ட்ரேட் ஆனா தனக்கு வர வேண்டிய கூடுதல் பணத்தை விட்டுத்தர மாட்டேன்னுட்டாரு, அதனால கணக்கு உதைச்சு மொத்தமும் நின்னு போச்சு. ஒரு மனுஷன் காசுல கறாரா இருந்ததால ஃபிலடெல்ஃபியாவுக்கு அடுத்த வருஷம் ஃபைனல்ஸ் கிடைச்சுது! ஐவர்சனும் பயந்துட்டாருபோல, திரும்பி வந்து ஒழுங்கா ஆட ஆரம்பிச்சாரு, சீசனை 10 வெற்றி 0 தோல்வின்னு தொடங்குனாங்க, 56 வெற்றி, லீக்லயே சிறந்த பிளேயருக்கான எம்விபி அவார்டு.

இப்போ பிரவுன் என்ன பண்ணாருன்னு பாருங்க, அதுதான் விஷயமே. ஐவர்சனை மாத்தப் பாக்குறதை விட்டுட்டு மத்த நாலு பேரை மாத்துனாரு. எரிக் ஸ்னோ, ஜார்ஜ் லிஞ்ச், டைரோன் ஹில், ஆரன் மெக்கி, பிப்ரவரில வந்து சேந்த முட்டோம்போ, இவங்கள்ல ஒருத்தன் கூட எனக்குப் பால் வரலன்னு மூஞ்சியத் தூக்குற ஆளு கிடையாது. பாயிண்ட் கார்டு உயரமே இருக்குற ஐவர்சனை ஷூட்டிங் கார்டா ஆட வச்சுட்டு, எதிராளியோட பெரிய கார்டை ஸ்னோ பாத்துக்கிட்டாரு. ஐவர்சன் ஷாட் போடுவாரு, பாதிக்கு மேல ரிங்குல பட்டு வரும், அதை ஹில்லும் முட்டோம்போவும் எடுத்துத் திரும்பக் குடுப்பாங்க. அந்த வருஷம் சிறந்த டிஃபெண்டர் முட்டோம்போ, சிறந்த ஆறாவது ஆள் (பெஞ்சுல இருந்து இறங்குறவங்கள்ல பெஸ்ட்) மெக்கி, சிறந்த கோச் பிரவுன், இத்தனை அவார்டும் ஒரே டீமுக்கு. லேக்கர்ஸ் அந்த பிளேஆஃப்ல ஒரு மேட்ச் கூடத் தோக்காம 11-0ன்னு வந்து நிக்கிது, முதல் ஃபைனல்ஸ் மேட்ச்ல ஐவர்சன் 48 அடிச்சு அதை உடைச்சாரு. அப்புறம் நாலும் தோத்தாங்க, அது வேற. லேக்கர்ஸோட 15-1ல அந்த 1 நம்மாளு.

ஆனா அடுத்த வருஷமே 43 வெற்றி, முதல் ரவுண்டுலயே வெளிய, மே மாசம் அந்த பிராக்டிஸ் பேட்டி. இருபது தடவைக்கு மேல பிராக்டிஸ்னு சொன்னதை வச்சு எல்லாரும் சிரிக்கிறாங்க. முழுசா கேட்டா சிரிப்பு வராது. ஏழு மாசத்துக்கு முன்னாடி நெருங்குன நண்பனை சுட்டுக் கொன்னுட்டாங்க, அதையும் அதே பேட்டில சொல்றாரு, யாரும் அந்தப் பகுதியப் போடறதில்ல.

அதனால என் கணக்கு: முடியும், ஆனா அந்த ஆளைச் சுத்தி டீமோட ஒவ்வொரு ஆணியையும் அவருக்காகவே அடிக்கணும், அப்படி அடிச்சாலும் ஒரு வருஷம் ரெண்டு வருஷம்தான் தாங்கும். கிங்ஸ் கசின்ஸுக்காக ஒரு ஆணி கூட அடிக்கல.


மூலை மூணு பாயிண்ட்:

ராஷீத் வாலஸ். 2000-01 சீசன்ல 41 டெக்னிக்கல், இன்னைக்கு வரைக்கும் ரெக்கார்டு. இப்போ 16 ஆனாலே ஒரு மேட்ச் தடை, அந்த ரூல்ல அவர் நிறைய மேட்ச் வீட்லதான் இருந்திருப்பாரு. 2004 பிப்ரவரில டெட்ராய்ட் போனாரு, ஜூன்ல சாம்பியன். ஆனா அங்க டீம் பில்லப்ஸ் கையிலயும் பென் வாலஸ் கையிலயும் இருந்துச்சு. கோச் யாரு? மறுபடி லாரி பிரவுன். அவ்ளோதான், ஆபீஸ்ல இருக்கேன்.


கண்ணாடி போர்டு:

எல்லாரும் ஜெயிச்ச கதையே சொல்றீங்க, இந்தியானா ரசிகன்கிட்ட கேட்டுப் பாருங்க. 2003-04ல லீக்லயே அதிகமா 61 வெற்றி எடுத்த டீம். 2004 நவம்பர் 19, டெட்ராய்ட்ல மேட்ச் முடிய ஒரு நிமிஷம் கூட இல்ல, ஜெயிச்சாச்சு. இந்தியானாவோட ரான் ஆர்டெஸ்ட் ஸ்கோரர் டேபிள் மேல மல்லாக்கப் படுத்துக்கிட்டாரு, தன்னை அடக்கிக்கத்தான் அப்படிப் படுத்தாரு பாவம். ரசிகன் ஒருத்தன் வீசுன கப்பு நெஞ்சுல வந்து விழுந்துச்சு. எந்திரிச்சு கேலரிக்குள்ள ஏறிட்டாரு, அதுவும் வீசாத ஆளைப் போய்ப் பிடிச்சாரு. மிச்ச சீசன் முழுக்கத் தடை, பிளேஆஃப் சேத்து 86 மேட்சு. அந்த டீம்ல ரெஜி மில்லர்னு ஒருத்தர் இருந்தாரு, அதுதான் அவருக்குக் கடைசி வருஷம், மோதிரம் இல்லாமலே போயிட்டாரு.

டிரேமண்ட் கிரீனும் அப்படித்தான். 2016ல 73 வெற்றி எடுத்த கோல்டன் ஸ்டேட் டீம், ஃபைனல்ஸ்ல 3-1 முன்னாடி, அஞ்சாவது மேட்ச்ல தடை. பக்கத்து பேஸ்பால் ஸ்டேடியத்துல உக்காந்திருக்காரு, இங்க எதிர் டீம் கிளீவ்லேண்டோட லெப்ரானும் கைரியும் ஆளுக்கு 41 அடிக்கிறாங்க. அப்புறம் ஏழாவது மேட்ச்ல டிரேமண்ட் 32 பாயிண்ட் 15 ரீபவுண்ட் 9 அசிஸ்ட், உயிரக் குடுத்து ஆடுனாரு, என்ன பிரயோஜனம்.


பெஞ்சுல இருந்தவன்:

ஆர்டெஸ்ட் கதைய பாதில நிறுத்திட்டீங்களே. 2010 ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச், லேக்கர்ஸ், கடைசி நிமிஷ வாக்குல அந்த மூணு பாயிண்டு அவர் போட்டதுதான். ஜெயிச்சு முடிஞ்சு மைக்குல தன்னோட மனநல டாக்டருக்கு நன்றி சொன்னாரு, அந்தக் காலத்துல யாரு அப்படிப் பொதுவுல சொன்னாங்க? கோபத்தை குணம்னு எழுதி ஒட்டிட்டு அப்படியே விட்டுடறோம், வைத்தியம் பாக்கலாம்னே யாருக்கும் தோணறதில்ல. எங்க சீனியரும் இப்போ பசங்களுக்குச் சொல்லிக் குடுக்குறாராம், கூரையைப் பாக்குறாரான்னு தெரியல. ஒரு நாள் போய்ப் பாக்கணும்.


ஆறாவது ஆள்:

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். 2018ல கசின்ஸுக்கு குதிகால் தசைநார் கிழிஞ்சு, அதுக்கப்புறம் பழைய ஆளா ஆகவே இல்ல. 2022ல கிட்டத்தட்ட எல்லா டீமும் கை விட்ட நேரத்துல பத்து நாள் கான்ட்ராக்ட்ல கூப்பிட்டது டென்வர். கோச் மலோன். நோயில கிடந்தப்போ பிரிச்சு விட்டாங்கள்ல, ஏழு வருஷம் கழிச்சு பெஞ்சுல இருந்து இறங்குற ஆளா அவர்கிட்டயே போய் ஆடுனான்.


மூணாவது குவாட்டர்:

இது எனக்குத் தெரியவே தெரியாது.

ரூம்மேட்கிட்ட ஐவர்சன் மேட்டரையும் பார்க்லி மேட்டரையும் சொன்னேன், மோதிரம் எங்கன்னு ஒரே கேள்வி கேட்டுட்டு ஹெட்போன் போட்டுக்கிட்டான். ரெண்டு பேருக்குமே இல்லதான். சரி இன்னைக்கும் தூக்கம் வராது, பார்க்லி மேட்ச் ஒண்ணு சொல்லுங்க, முழுசா பாக்குற மாதிரி.


கண்ணாடி போர்டு:

1993 வெஸ்ட் ஃபைனல்ஸ், ஏழாவது மேட்ச், ஃபீனிக்ஸும் சியாட்டிலும். பார்க்லி 44 பாயிண்ட், 24 ரீபவுண்டு. பாக்குறப்போ டைம் அவுட்ல ரெண்டு பெஞ்சையும் கவனி. ஒரு பக்கம் வெஸ்ட்ஃபால், இன்னொரு பக்கம் ஜார்ஜ் கார்ல். கசின்ஸுக்கு அப்போ ரெண்டே முக்கால் வயசு.